மணமேல்குடி அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக்

வலதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மையும் தட்டித் தட்டி வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூக்களைத் தாங்கும் வட்டத் தகடு, அச்சின் முகத்தில் நான்கே நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. தகட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தட்டையான இரும்பும் நான்கு துளைகளும்தான். அந்தத் துளைகளில் ஒரு கனத்த பட்டையைக் கட்டினால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேலிபரை அதில் தொங்கவிடலாம். அப்புறம் இந்த அம்பாசிடர் மழையிலும் நிற்கும்.

"மாமா, இதுக்கு டிஸ்க் பிரேக் போட்டுரலாம்!" என்று காருக்கு அடியிலிருந்தே கத்தினேன்.

"மொதல்ல வெளிய வா மாப்ள. ஜாக்கி ரொம்பப் பழசு" என்றார் சேதுராமன் மாமா.

மாமா என் அக்காவின் மாமனார். மணமேல்குடியில் மூன்று படகு வைத்திருக்கிறார். அந்தக் கார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. இடையில் எப்போதோ டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார். மற்றபடி எல்லாம் அது பிறந்தபடியே. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்.

போன கார்த்திகையில், அறந்தாங்கியிலிருந்து மாமாவும் லெட்சுமி அத்தையும் திரும்பி வரும்போது தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியிருக்கிறது. அதில் இறங்கி ஏறியதும் எதிரே ஆட்டுமந்தை. மாமா பிரேக்கை மிதித்தார். டிரம்முக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் ஷூ வழுக்கும், கார் நிற்கவில்லை. ஆடுகளைத் தப்பவிட்டு இடதுபக்கம் ஒடித்ததில் கருவேலங்காட்டுக்குள் போய்ச் சொருகியது. அத்தை நெற்றியில் மூன்று தையல்.

அன்றிலிருந்து அத்தை அந்தக் காரில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பஸ், கல்யாணத்துக்கும் பஸ். மாமா பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போவாராம். ஊரே சிரித்திருக்கிறது. கடைசியில் அத்தை ஒரு முடிவு சொன்னார்: "நான் ஏறாத வண்டி எதுக்கு வீட்டுல? கறம்பக்குடிக்காரவுக கேக்குறாகல்ல, குடுத்துருங்க." கறம்பக்குடியில் கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவர், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மாமா தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிவிட்டு எனக்கு போன் போட்டார். அப்போது ஆடி பிறந்து நான்கு நாள்.

ஆக, வேலை இதுதான்: ஆவணி முதல் வெள்ளிக்குள் லெட்சுமி அத்தை அந்தக் காரில் ஏறி உட்கார வேண்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய ராணுவ ஒர்க்‌ஷாப் பையன்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, வெளிய போயி என்னதான் பண்றீங்க? உள்ள கத்துக்கிட்டது அங்க உதவுதா?" அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு வெளியே வரப்போகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்து நான்கு. நான் ஓய்வுபெற்றவன். பத்தொன்பது வயதில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்து, பதினைந்து ஆண்டு வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு, விருப்பப்பட்டு வெளியே வந்தேன். வங்கியில் பென்ஷன்காரர்கள் வரிசையில் நின்றால், "தம்பி, அப்பாவக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்கிறார்கள். இப்போது விராலிமலையில் நான்குவழிச் சாலை ஓரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விசில் அடித்தால் ஓட வேண்டும், விசில் நின்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டும். என்னைச் செதுக்கியது பத்தாவது ஆண்டில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கேப்டன் மேடம். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அப்போது நாயக், கையில் இரண்டு பட்டை. எல்லோர் முன்னாலும் இந்தியில் பேசுவார். என்னிடம் தனியாகப் பேசினால் கொங்குத் தமிழ். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வேலை முடிந்ததா என்றும் கேட்க மாட்டார். காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்காருவார். "எதைப் பாத்தீங்க?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்ப்போம்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிரேக் வேலை பார்த்த வண்டியை, தினமும் அதை ஓட்டுகிற டிரைவர்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை பார்த்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும். டேஷ்போர்டு மேல் ஒரு டம்ளர் நிறைய டீ. பிரேக் போட்டதும் டீ முன்பக்கம் சிந்தினால் சரி. இடதுபக்கம் சிந்தினால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது, மறுபடி கழற்று. எத்தனை டம்ளர் டீ என் பேன்ட்டில் போயிற்று என்று கணக்கில்லை.

ஒருமுறை, முன்னால் டிஸ்க் உள்ள ஒரு சின்ன ஜீப்பை முழுவதும் பிரித்துக் கோத்திருந்தேன். பெடலை மிதித்தால் பஞ்சுபோல் உள்ளே போகிறது. குழாயில் காற்று இருந்தால்தான் அப்படி. கேலிபரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து, பெடலை மிதித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். நான்குமுறை செய்தேன். ஆயில் பாட்டில் பாட்டிலாகப் போனது. பெடல் மட்டும் மாறவில்லை. மேடம் வந்தார். பெட்டியைக் கவிழ்த்தார்.

"எதைப் பாத்தீங்க?"

"எல்லாம் பாத்துட்டேன் மேடம்."

"எல்லாம்னா எனக்குத் தெரியாதுங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

சொன்னேன். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், குழாய், மூட்டு, ஹோஸ், கேலிபர். வலது கேலிபரைச் சொல்லும்போது அதைக் கையால் தொட்டுக் காட்டினேன். தொட்ட இடத்தில் நிப்பிள் கீழே இருந்தது. வலதையும் இடதையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். காற்று மேலே நிற்கும். நான் கீழே திறந்துவைத்துக்கொண்டு அது வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறேன்.

மேடம் எழுந்தார். "ஒரு பக்கம் எழுதிருங்க நாயக். எதைப் பாக்கல, எதைப் பாத்தும் கவனிக்கல, ரெண்டும் தனித்தனியா. காலைல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிருங்க." திட்டியிருந்தால் ஒரே நாளில் மறந்திருப்பேன். படித்துக் காட்டியது மறக்கவில்லை.

இனி அம்பாசிடர். பிரேக் மாற்றுவதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, காரை லாரியில் ஏற்றி விராலிமலைக்குக் கொண்டுவந்தேன்.

முதல் மூன்று நாள் நான் கெட்டுப்போனேன் என்றே சொல்ல வேண்டும். இணையத்தில் வெளிநாட்டு செட் ஒன்று பார்த்தேன். துளை போட்ட டிஸ்க், சிவப்பு பெயின்ட் அடித்த கேலிபர், பெட்டிக்குள் எல்லாம் அடுக்கி வைத்த அழகு. சாப்பிடும்போதுகூட அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை பல் விளக்கும்போது உறைத்தது: கேலிபருக்குள் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் இந்தப் பேட் தேய்ந்தால் மாமா எங்கே போவார்? கடல் தாண்டி வரும்வரை காரை நிறுத்தி வைப்பாரா? படத்தை மூடினேன். அப்போதே ஒரு விதி எழுதி கொட்டகைத் தூணில் ஒட்டினேன்: 'பேட் அறந்தாங்கியில் கிடைக்க வேண்டும்.'

இதே கார் பிற்காலத்தில் டிஸ்க் பிரேக்குடனே வந்தது. அந்த முன்பக்கத்தை அப்படியே தூக்கி மாட்டினால் வேலை சுலபம். திருச்சியில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு ஜோடி பிடித்தேன். டிஸ்க்கின் ஓரத்தில் இவ்வளவு மில்லிக்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போடு என்று ஓர் எண் அடித்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒன்று அந்த எண்ணுக்குக் கீழே. இன்னொன்றில் பேரிங் உட்காரும் இடமே சுற்றித் தேய்ந்திருந்தது. "நல்லாத்தான சார் இருக்கு, பெயின்ட் அடிச்சா புதுசு" என்றார் கடைக்காரர். பெயின்ட் அடித்தால் புதுசாக இருக்கும், நிற்காது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது வழியைத்தான் பிடித்தேன். நம் சாலைகளில் நாள் முழுக்க ஓடுகிற ஒரு சரக்கு வேன். அதன் டிஸ்க்கும் கேலிபரும் புதிதாகவே கிடைக்கும்; பேட் எந்த ஊரிலும் கிடைக்கும். கேள்வி ஒன்றுதான்: அந்தக் கேலிபர் அம்பாசிடரின் இரும்புச் சக்கரத்துக்குள் அடங்குமா? ரிம்மில் உரசினால் எல்லாம் வீண். எதிரே பரோட்டாக் கடையில் ஓர் உருண்டை மாவு வாங்கிவந்தேன். கேலிபரின் முதுகில் அதை அப்பி, சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்று சுற்றி, கழற்றினேன். நசுங்கிய மாவின் கனம் நான்கு மில்லி. எனக்கு மூன்று போதும். பரோட்டா மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சால்னா வேணுமா சார்?" என்றார்.

கேலிபரைத் தாங்கும் பட்டைக்குப் புதுக்கோட்டை லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் மாரியப்பன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்டு கூடாது, ஒரே பலகையில் வெட்ட வேண்டும், கனம் பன்னிரண்டு மில்லி என்று எழுதியிருந்தேன்.

"பத்து மில்லி தாராளம்ணே."

"பன்னெண்டு."

"இது காருக்குப் பிரேக்கா, போட்டுக்கு நங்கூரமா?"

"போட்டுக்காரரோட கார்தான். வெட்டுங்க."

வெட்டினார். துளைகள் அரை மில்லிகூட விலகவில்லை. லேத்தில் அவர் கை அப்படி.

மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் இளையவர்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பழையதில் முன் பின் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு குழாய் உடைந்தால் எல்லாம் போச்சு. அதனால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு வழி உள்ள சிலிண்டர் போட்டேன். இனி வால்வு. டிரம்முக்கான குழாயில், காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்குள் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அங்கே சிக்கலில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அதே வால்வை வைத்தால் பேட் உரசிக்கொண்டே போய் கொதிக்கும். சரி, எடுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. இந்தக் காரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கேலிபர் அதைவிட உயரம். வண்டி நின்றால் ஆயில் பின்வாங்கி இறங்கிவிடும். அடுத்த மிதி வெறும் மிதி. அதனால் முன்குழாய்க்கு மிக மெல்லிய வால்வு, பின்குழாய்க்குப் பழைய பலத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் போட்டேன். ஹோஸ் நீளத்தை, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தேன்.

மாமாவை வரச் சொல்லி அவரையே ஓட்ட வைத்தேன். டேஷ்போர்டில் டீ. ஐம்பதில் போய்ப் பத்துக்குக் குறைக்க வேண்டும். முழுக்க நிறுத்தாமல் இப்படிப் பத்துமுறை. புதுப் பேட்டும் புது டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். பதினோராவது முறை நிறுத்தச் சொன்னேன். மாமா மிதித்தார். டீ முழுக்க முன்கண்ணாடியில் அடித்தது.

"யப்பா!" என்றார் மாமா. மறுபடி மிதித்துப் பார்த்தார். "அந்த ஆட்டுமந்தைய இப்ப வரச்சொல்லு மாப்ள."

ஆவணி முதல் புதன்கிழமை மாலை, காரை மணமேல்குடிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அத்தை காரைச் சுற்றி வந்து, சக்கரத்தின் துளை வழியே டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார். "எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கு" என்றார். "காலைல கோயிலுக்குப் போவோம். நான் ஏறுறேன். மத்தது அப்புறம்." அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை. அத்தை தலையில் பூ, கையில் அர்ச்சனைக் கூடையோடு வாசலில் நிற்கிறார். மாமா கொட்டகையிலிருந்து காரைப் பின்னோக்கி எடுக்கிறார். நடக்கிற வேகம்தான். வாசலுக்கு நேரே வந்ததும் பிரேக்கை மிதிப்பது தெரிந்தது, ஏனென்றால் தோள் முன்னால் வந்தது. கார் நிற்கவில்லை. அலுங்காமல் குலுங்காமல் பின்னால் போய், மதில் ஓரம் அடுக்கியிருந்த மீன் பெட்டிகள் மேல் சாய்ந்தது. பிளாஸ்டிக் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து உருண்டன. கடைசிப் பெட்டி உருண்டு அத்தையின் காலடியில் வந்து நின்றது.

அத்தை பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் பின்வாசல் வழியே பஸ் நிறுத்தத்துக்குப் போனதாக அக்கா வந்து சொன்னாள்.

 அந்தக் காரில் நான் பார்க்காத இடம் இல்லை. அங்கேயே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். எதைப் பார்த்தேன்? மாஸ்டர் சிலிண்டர்: ஆயில் குறையவில்லை. பெடல்: கல் மாதிரி இருக்கிறது, காற்று இல்லை. குழாய், மூட்டு: ஈரமே இல்லை. அப்படியென்றால் அழுத்தம் பேட் வரைக்கும் போகிறது. பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது. பிடித்தும் நிற்கவில்லை; பின் டிரம் மட்டும் தனியாகக் காரை நிறுத்தப் போதவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் பளபளவென்று மின்னியது. விரலால் தொட்டேன். வழுக்கியது.

"மாமா, இதுல என்ன தடவுனீங்க?"

"எண்ணெய்தான் மாப்ள." அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. "விடியக்கால பாக்குறேன், ஒரே ராத்திரில துரு பூத்துருச்சு. உப்புக்காத்துல்ல? எஞ்சின் ஆயில ஒரு துணில தொட்டு, ரெண்டு சக்கரத்துலயும் உள்ள வெளிய ரெண்டு பக்கமும் ஒட்டத் தொடச்சு விட்டேன். சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுத்திச் சுத்தித் தொடச்சேன்."

நாற்பது வருடமாகப் படகில் வெறும் இரும்பு எங்கே தெரிந்தாலும் அவர் அதைத்தான் செய்திருக்கிறார். சாயங்காலம் கரைக்கு வந்ததும் வலை இழுக்கும் விஞ்ச், சங்கிலி, எஞ்சின் தண்டு எல்லாவற்றுக்கும் எண்ணெய் கை. அந்தக் கை இல்லாவிட்டால் கடற்கரையில் எதுவும் ஒரு வருடம் தாங்காது. டிஸ்க்கில் ஒரே இரவில் படிவது மெல்லிய துரு. இரண்டுமுறை பிரேக் மிதித்தால் பேட்டே அதைச் சுரண்டிவிடும். அதை நான் சொன்னேனா? ஹேண்ட்பிரேக், ஆயில் அளவு, பேட் தேய்மானம் என்று விராலிமலையிலிருந்து மணமேல்குடி வரை வாய் ஓயாமல் பேசினேன். டிஸ்க்கில் எண்ணெய் படக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. விராலிமலையில் யாரும் டிஸ்க்கில் எண்ணெய் தடவ மாட்டார்கள். இந்தக் கார் இருக்கப்போவது கடற்கரையில். பாகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசித்தவன், அவை போய்ச் சேரும் வீட்டை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மாமாவிடம் விளக்கினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "நானே எம் பிரேக்க அவுத்து விட்டுட்டேனா?"

"இல்ல மாமா. நான் சொல்லல. அது என் தப்பு."

எண்ணெய் குடித்த பேட்டைச் சுட்டாலும் கழுவினாலும் நம்ப முடியாது. புதுசு வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அறந்தாங்கிக் கடை திறக்கும்போது அக்கா கணவரின் பைக்கில் வாசலில் நின்றேன். வேன் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்துப் போட்டார். அந்த டப்பாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. சிவப்பு கேலிபர் வாங்கியிருந்தால் வெள்ளிக்கிழமை கறம்பக்குடிக்காரர் காரை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்.

டிஸ்க்கை பெட்ரோலில் துடைத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாதவரை துடைத்தேன். கேலிபருக்குள்ளும் அப்படியே. புதுப் பேட் மாட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடி பத்துமுறை பழக்கினோம். மதியம் வீட்டுக்கு வந்தபோது அத்தை கோயிலிலிருந்து திரும்பி, முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எதைப் பார்த்தேன், எதைச் சொல்லாமல் விட்டேன், இரண்டையும் தனித்தனியாக.

அத்தை புரட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆக, நீ சொல்லாததும் தப்பு, அவுக தடவுனதும் தப்பு. பிரேக்கு மேல தப்பே இல்லேங்குற."

"ஆமா அத்தை."

"வறண்ட ரோட்டுல எந்த வண்டியும் நிக்கும் மாப்ள. அன்னிக்கு நின்னுச்சா? தண்ணில நனைச்சு நிறுத்திக் காட்டு."

இதைவிட நியாயமான சோதனையை எந்த அதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை. மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியின் பின்னால் பெரிய காலி இடம் இருக்கிறது. படகு கழுவும் பம்பை அங்கே கொண்டுவந்து, இரண்டு முன்சக்கரத்திலும் தண்ணீரைப் பீய்ச்சினோம். மாமா அப்படியே எடுத்து, நாற்பதில் வந்து மிதித்தார். நின்றது. டிஸ்க் திறந்திருப்பதால் தண்ணீரைச் சுழற்றியே உதறிவிடும். முதல் உரசலில் மிச்சமும் போய்விடும். மறுபடி நனைத்தோம், மறுபடி நின்றது. மூன்றாம்முறை அத்தை மதிலருகே இருந்து நடந்து வந்து, தண்ணீர் சொட்டும் கதவைத் திறந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு.

மாமா கியரைப் போடவே மறந்துவிட்டார்.

"என்ன பாத்துக்கிட்டு? எடுங்க."

எடுத்தார். நாற்பது. மிதி. நின்றது. அத்தை டேஷ்போர்டைப் பிடித்த கையை மெதுவாக எடுத்தார். இதோடு முடிந்தது என்று நான் பம்பை அணைக்கப் போனேன்.

"எறங்குங்க" என்றார் அத்தை மாமாவிடம். "நான் மிதிச்சுப் பாக்கணும்."

"ஒனக்கு கார் ஓட்டத் தெரியாதே!"

"மொபெட் ஓட்டுறேன்ல? அன்னிக்கு பக்கத்துல உக்காந்து, மிதிக்க எனக்கு ஒண்ணும் இல்லாமத்தான கத்திக்கிட்டு வந்தேன்? அந்தப் பிரேக் கட்டை எப்படி இருக்குன்னு என் காலுக்குத் தெரியணும்."

ஐஸ் ஏற்றும் சரிவுமேட்டில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அத்தையை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில், கை ஹேண்ட்பிரேக்கில். விட்டேன். கார் சரிவில் உருண்டு வேகம் பிடித்தது. "இப்ப!" என்றேன். அத்தை மிதித்தார். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு காலையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நின்றது. அத்தைக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"நிக்குது! ஆனா இம்புட்டு அழுத்தணுமா மாப்ள? அவுக கால் வலை இழுத்த கால். எங்கால் அப்படியா?"

நியாயம். டிரம் பிரேக் சுழல்கிற வேகத்திலேயே தானாக இறுகிக்கொள்ளும். டிஸ்க் அப்படி உதவாது, முழு பலமும் காலிலிருந்தே வர வேண்டும். மாமாவின் மிதியை மட்டும் பார்த்துவிட்டு நான் திருப்தியாகிவிட்டேன்.

மாமா அங்கேயே நின்று கறம்பக்குடிக்கு போன் போட்டார். "நாளைக்கு வர வேணாம்ணே. வீட்டுல ஏறிட்டாக. ஏறுனது மட்டுமில்ல, ஓட்டவே போறாக போல."

மறுநாள் காலை மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைச் சுவரில் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே நாற்காலியில் அத்தையை உட்கார வைத்து, ஒரு காலால் பலமாக மிதிக்கச் சொன்னேன். மூன்றுமுறை மிதித்தார். அதிகபட்சமாக வந்தது இருபத்திரண்டு கிலோ. மாமா தானும் மிதிப்பேன் என்று வந்து அறுபதைத் தாண்டினார். "தராச ஒடைச்சுராதீங்க" என்று அத்தை விரட்டினார். காலின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் ஒன்று வைக்க வேண்டும். அதற்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளலாம். டீசலில் அது கிடைக்காது. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர், முதுகில் வெற்றிட பம்ப்போடு, சில வேன்களில் வருகிறது. அதன் உதிரிபாகமும் அறந்தாங்கியில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டேன், கிடைக்கிறது. பூஸ்டரைத் தரைக்கு அடியில் வைத்தால் உப்புத்தண்ணீர் அடிக்கும். பானட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இடம் அளந்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை திருச்சிக்குப் போகிறேன். அத்தையின் ஒற்றைக்காலுக்கு, இருபத்திரண்டு கிலோவுக்குள், ஐஸ் கம்பெனிச் சரிவில் அந்தக் கார் நின்றாக வேண்டும்.